கதையில் விழும் ஓட்டைகள்

கதை கேட்பவர்கள் பொதுவாக இரக்கமுள்ளவர்கள். கழுகு பேசுகிறது என்றால் நம்புவார்கள். மலை நகர்ந்தது என்றால் நம்புவார்கள். ஆனால் கையில் குடையை வைத்துக்கொண்டே ஒருவன் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தான் என்றால் மட்டும் நம்ப மாட்டார்கள். இந்த உண்மையைச் சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் நான் பட்டறிந்தேன்.

அன்று மேடையேறிய நாடகத்தை எழுதியவன் நான். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒருவன்; ஊரில் தந்தை நோயுற்று இறக்கிறார்; செய்தி தாங்கி வரும் கடிதம் நான்கு நாள் பிந்தி வருகிறது; மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதுதான் கதை. இறுதிக் காட்சியில் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மகன் கதறினான். அரங்கம் அமைதியாக இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவர் ஒருவர், "போன் பண்ணியிருக்கலாமே!" என்று உரக்கச் சொன்னார். அரங்கம் முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. காரணம், முதற்காட்சியில் அதே மகன் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நகைச்சுவை செய்திருந்தான். சிரிப்புக்காக அந்தக் காட்சியைச் சேர்த்தவனும் நானே.

மூன்றாம் வரிசையில் என் தந்தையார் அமர்ந்திருந்தார். நாடகத்தின் கதை அவருடையது. 1991-இல் அவர் பம்பாயில் ஒரு பட்டறையில் வேலை செய்தபோது என் தாத்தா காலமானார். தங்கியிருந்த அறையை அப்பா மாற்றியிருந்ததால் ஊரிலிருந்து அடித்த தந்தி பழைய முகவரிக்குப் போய், அலைந்து திரிந்து, பிந்தி அவர் கைக்கு வந்தது. அவர் இரயிலேறி வந்து சேர்ந்தபோது ஈமக்கடன்கள் முடிந்திருந்தன. இந்த உண்மைக் கதையைத்தான் இன்றைய காலத்துக்கு மாற்றி எழுதுகிறேன் என்று நான் கெடுத்து வைத்தேன். அன்றிரவு வீட்டில் அப்பா அதிகம் பேசவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், "அன்னைக்கு என் கையில ஒரு போன் இருந்திருந்தா நான் பேசாமலாடா இருந்திருப்பேன்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதையில் ஓட்டை எப்படி விழுகிறது, எந்த ஓட்டையை மக்கள் மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்று ஆராயத் தொடங்கினேன். அதற்கு எனக்குக் கைகொடுத்தவை, நம் விடுதியிலும் வீடுகளிலும் பலரும் விரும்பி ஆடும் வீடியோ விளையாட்டுகள். அவற்றுள்ளும் ஆடுபவரே கதைத் தலைவனாக வேடமேற்று ஆடும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டுகள். நாவலை விடவும் திரைப்படத்தை விடவும் இவற்றில்தான் ஓட்டைகள் மிகுதி. ஏன் மிகுதி என்பதை அறிந்தால் கதைக்கலையின் பல நுட்பங்கள் விளங்கும்.

நடுவர் இருந்த காலமும் எந்திரம் வந்த காலமும்

இவ்வகை விளையாட்டுகள் கணினியில் பிறந்தவை அல்ல. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதை சொல்லும் நடுவர்; மற்றவர்கள் வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்பார்கள். பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்வார்கள்.

இங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஆள் உண்டு. "அந்தக் கதவை ஏன் உடைக்கக்கூடாது?" என்று ஒருவர் கேட்டால், நடுவர் ஒரு கணம் யோசித்து, "அது இரும்புக் கதவு" என்பார், அல்லது "சரி, உடைத்துப் பார்" என்பார். பாட்டி கதை சொல்லும்போது பேரன் குறுக்குக் கேள்வி கேட்டால் பாட்டி அந்த இடத்திலேயே கதையைத் திருத்திக்கொள்வது போன்றது இது.

கணினிக்கு இந்தத் திறமை இல்லை. எழுதி வைத்ததைத்தான் அது சொல்லும். ஜப்பானில் 1986-இல் யூஜி ஹோரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவியில் இவ்வகைக் கதைகளைப் பரப்பிய முன்னோடி அது. அதில் மீட்கப்பட்ட இளவரசி, தன்னை அழைத்துச் செல்வாயா என்று தலைவனைக் கேட்கிறாள். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு விடைகள் திரையில் உள்ளன. 'இல்லை' என்றால் மறுத்துவிட்டு மீண்டும் அதே கேள்வியைக் கேட்பாள். நூறு முறை 'இல்லை' என்றாலும் நூற்றொன்றாம் முறையும் கேட்பாள். 'இல்லை' என்ற விடைக்குப் பின்னால் எழுதப்பட்ட கதையே கிடையாது. கதவின் படத்தைச் சுவரில் வரைந்து வைத்தது போன்ற விடை அது.

பழக்கமும் ஓட்டையும்

ஓட்டைகளைப் பற்றிப் பேசுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். நகைப்புக்கிடமானவை எல்லாம் ஓட்டைகள் ஆகா.

அதே 'டிராகன் குவெஸ்ட்' கதையில் உலகைக் காக்கப் புறப்படும் தலைவனுக்கு மன்னர் கொடுக்கும் பணம், கடையில் ஒரு செப்பு வாள் வாங்கக்கூடப் போதாது. உலகமே அழியப் போகிறது. அரசுக் கருவூலம் மட்டும் திறக்க மறுக்கிறது! வில்லனின் கோட்டையோ மன்னரின் அரண்மனைக்கு நேர் எதிரே, நீருக்கு அக்கரையில், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. அந்த வில்லன் தன் வலிமை மிக்க பூதம் ஒன்றைத் தொடக்கத்திலேயே அனுப்பியிருந்தால் கதை முதல் நாளே முடிந்திருக்கும். அவனோ அரண்மனைக்கு அருகில் எளிய பூச்சாண்டிகளையும் தொலைவில் வலியவற்றையும் வரிசைப்படுத்தி வைத்து, தலைவன் படிப்படியாகப் பயிற்சி பெற உதவுகிறான். வில்லனைக் காட்டிலும் நல்ல உடற்பயிற்சி ஆசிரியன் என்றே அவனைச் சொல்ல வேண்டும்.

1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் 'போக்கிமான்' விளையாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குள் நுழையும் வழிகளைக் காவலர்கள் மறிக்கிறார்கள். காரணம்? அவர்களுக்குத் தாகமாம்! ஒரு பானம் வாங்கிக் கொடுத்தால் வழி விடுகிறார்கள். வேறோரிடத்தில் பாதையின் குறுக்கே சிறு செடி ஒன்று நிற்கிறது. நெருப்புக் கக்கும் விலங்கைப் பையில் வைத்திருக்கும் சிறுவன், அந்தச் செடியைத் தாண்டிக் குதிக்க இயலாமல் அதை வெட்டும் வித்தையைத் தேடி ஊரெல்லாம் அலைகிறான்.

இவற்றைக் கண்டு சிரிக்கிறோம், ஆனால் கோபப்படுவதில்லை. ஏன்? இவை விளையாட்டின் பழக்கங்கள். தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து அரசன் தோன்றுகிறான். திரை பிடிக்கும் இருவரையும் யாரும் 'இவர்கள் அரசவையில் யார்?' என்று கேட்பதில்லை. அதுபோலவே, எளிய பகையிலிருந்து வலிய பகைக்குப் போக வேண்டும், ஓர் ஊரை முடித்த பின்னரே அடுத்த ஊர் திறக்க வேண்டும் என்பன விளையாட்டுக்குத் தேவையான ஒழுங்குகள். தாகமெடுத்த காவலர், திரை பிடிக்கும் ஆளைப் போன்றவர். ஆட்டக்காரருக்கும் படைப்பாளிக்கும் இடையில் இருக்கும் எழுதாத உடன்பாடு இது.

ஓட்டை என்பது வேறு. கதை தானே சொன்ன ஒன்றைத் தானே மறந்துவிடுவது ஓட்டை.

மறந்துபோன மருந்து

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது, 1997-இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 7'. மூன்று குறுந்தகடுகளில் வந்த இந்த விளையாட்டில், முதல் தகட்டின் முடிவில் ஏரித் என்னும் பூக்காரப் பெண் வில்லனின் வாளால் குத்துண்டு இறக்கிறாள். அவள் ஆட்டக்காரரின் அணியில் பல மணி நேரம் உடன் வந்தவள். குணப்படுத்தும் ஆற்றல் மிக்கவள். அவள் இறந்தபோது அழுதவர்கள் உலகெங்கும் உண்டு.

ஆனால் அதே விளையாட்டில் 'ஃபீனிக்ஸ் டவுன்' என்றொரு இறகு கடையில் விற்கிறது. சண்டையில் வீழ்ந்தவர்மேல் அதைப் பயன்படுத்தினால் உடனே எழுந்துவிடுவார். ஏரித்தே அதற்கு முன் சண்டைகளில் பலமுறை வீழ்ந்து அந்த இறகால் எழுந்திருப்பாள். அவள் வாளால் குத்துண்ட நேரத்தில் ஆட்டக்காரரின் பையில் அத்தகைய இறகுகள் பல இருக்கும். பின் ஏன் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தவில்லை? கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்டக்காரர்கள் கேட்டுவரும் கேள்வி இது.

இதற்கு ஒரு விடை உண்டு. இந்த விளையாட்டு வரிசையின் ஜப்பானிய மூலத்தில், சண்டையில் வீழ்வதைக் குறிக்கப் 'போரிட இயலாத நிலை' என்ற பொருள்தரும் சொல்லே வழங்குகிறது. அஃதாவது, இறகு மயங்கியவரை எழுப்பும், மாண்டவரை மீட்காது. விடை சரிதான். ஆனால் கதைக்குள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆட்டக்காரரே தேடிக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், அதே வரிசையில் 1992-இல் வந்த ஐந்தாம் விளையாட்டு இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே அழகாக விடை சொல்லிவிட்டது. அதில் கலூஃப் என்னும் முதியவர் தன் பேத்தியையும் நண்பர்களையும் காக்கத் தனித்துப் போரிட்டு வீழ்கிறார். நண்பர்கள் ஓடி வந்து, தங்களுக்குத் தெரிந்த மந்திரங்களையும் கையிலிருந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாக அவர்மேல் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஆட்டக்காரர் மனத்தில் எழும் கேள்வியைக் கதாபாத்திரங்களே கேட்டுவிடுகிறார்கள். அதனால் ஓட்டை அடைபட்டதோடு, துயரமும் இரட்டிப்பாகிறது. 'எல்லாம் செய்து பார்த்தோம். முடியவில்லை' என்பதைவிடப் பெரிய துயரம் எது?

அவசரமும் சாவகாசமும்

இரண்டாவது வகை, காலத்தைப் பற்றியது. 2006-இல் வந்த 'ஆப்ளிவியன்' விளையாட்டில் பேரரசர் கொலையுண்கிறார். நரகத்தின் வாயில்கள் நாடெங்கும் திறக்கின்றன. க்வாட்ச் என்ற நகரம் பற்றி எரிகிறது. உடனே ஓட வேண்டும் என்கிறது கதை. ஆனால் ஆட்டக்காரர் வேறு ஊர்களில் வீடு வாங்கலாம், மூலிகை பறிக்கலாம், மாதக்கணக்கில் ஊர் சுற்றலாம். அவர் வந்து சேரும் வரை அந்த நகரம் பொறுமையாக எரிந்துகொண்டே இருக்கும்.

போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'விட்சர் 3' மிகச் சிறந்த கதையமைப்புக் கொண்டது என்று போற்றப்படுவது. அதில் தலைவன் கெரால்ட், தான் வளர்த்த மகளைத் தேடிப் புறப்படுகிறான். கொடிய கூட்டம் ஒன்று அவளைத் துரத்துகிறது. ஆனால் வழியில் தென்படும் சத்திரங்களில் உட்கார்ந்து 'குவென்ட்' என்ற சீட்டு விளையாடத் தடையேதும் இல்லை. மகளைக் காணாது தவிக்கும் தந்தை ஊருக்கு ஊர் சீட்டாடிக் கொண்டிருப்பதைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ!

இங்கே குற்றம் எழுத்தாளரிடம் மட்டும் இல்லை. கதை 'ஓடு' என்கிறது. விளையாட்டு 'சுற்றிப் பார்' என்கிறது. கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007-இல் 'பயோஷாக்' என்னும் விளையாட்டைத் திறனாய்வு செய்தபோது, விளையாட்டின் விதியும் கதையின் பொருளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் குறிக்க 'லூடோநேரடிவ் டிஸ்ஸொனன்ஸ்' என்ற தொடரைப் படைத்தார். ஆட்டமும் பாட்டும் வெவ்வேறு தாளத்தில் போவது என்று நாம் எளிமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

2011-இல் வந்த 'ஸ்கைரிம்' இதற்கு இன்னொரு சான்று. அதில் மந்திரக் கல்லூரி ஒன்று உண்டு. வாள்வீச்சை மட்டுமே நம்பும் ஒருவர், ஒன்றிரண்டு எளிய மந்திரங்களோடு அங்கே மாணவராகச் சேர்ந்து, சில பணிகளை முடித்ததும் அக்கல்லூரியின் தலைமைப் பதவியையே பெற்றுவிடலாம். ஆண்டுக்கணக்காகப் பயிற்றுவித்த பேராசிரியர்கள் வாய் திறக்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள். தேர்வெழுதாமலே முதல்வராக ஆசைப்படும் நம் நண்பர்கள் சிலருக்கு ஏற்ற கல்லூரி!

ஒட்டவைத்த காரணங்கள்

மூன்றாவது வகை, பின்னால் ஒட்டவைத்த காரணம். 1999-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 8' கதையின் நடுவில் ஓர் அதிர்ச்சி வைத்திருக்கிறார்கள். உடன் போரிடும் இளைஞர்களில் ஐவர், தாங்கள் சிறு வயதில் ஒரே அனாதை விடுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்பதைத் திடீரென நினைவுகூர்கிறார்கள். கொல்லும்படி தங்களுக்கு ஆணையிடப்பட்டிருந்த சூனியக்காரி, அந்த விடுதியில் தங்களைத் தாயாக இருந்து வளர்த்தவள் என்பதும் தெரிகிறது. இத்தனை நாள் எப்படி மறந்தார்கள்? போரில் துணைக்கு அழைக்கும் தெய்வ வடிவங்கள் நினைவாற்றலைத் தின்றுவிட்டன என்பது விடை. அவற்றை அதிகம் பயன்படுத்தாத இர்வைன் என்ற ஒருவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்ததாம். ஆனால் அவன் சொல்லவில்லையாம்!

நேர்மையாகச் சொன்னால், நினைவிழப்பைப் பற்றிய குறிப்பு கதையில் முன்பே வருகிறது. கவனமாகப் பார்ப்பவர் கண்ணில் படும். எனினும் அத்தனை பெரிய சுவரைத் தாங்க அது மிகச் சிறிய தூண். விதை தூவியிருந்தால் மட்டும் போதாது. அறுவடைக்கு ஏற்ற அளவில் தூவியிருக்க வேண்டும்.

இன்னொரு சான்று, 2010-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2'. பகைவர் கூட்டம் கப்பலைத் தாக்கி மாலுமிகளைக் கடத்த வேண்டும் என்பது கதையின் தேவை. வீரர்கள் கப்பலில் இருந்தால் கடத்த முடியாது. என்ன செய்வது? வழக்கமாக இருவரை மட்டும் துணைக்கு அழைத்துச் செல்லும் தலைவன், அன்றைக்கு மட்டும் வீரர்கள் அனைவரையும் ஒரே சிறு ஊர்தியில் ஏற்றிக்கொண்டு ஏதோ வேலையாகக் கிளம்பிவிடுகிறான். தாக்குதல் முடிந்ததும் திரும்பி வருகிறான். திருடன் வருவதற்காக வீட்டைப் பூட்டாமல் எல்லாரும் சினிமாவுக்குப் போனது போன்ற காட்சி.

கிளைகள் கூடும் இடம்

நான்காவது வகைதான் இவ்விளையாட்டுகளுக்கே உரிய நோய். 'உன் முடிவே கதையை மாற்றும்' என்று இவை வாக்குறுதி தருகின்றன. எண்ணிப் பாருங்கள். இரண்டு வழிகள் உள்ள முடிவெடுக்கும் இடம் ஒன்றிருந்தால் கதைகள் இரண்டு. அத்தகைய இடங்கள் பத்து இருந்தால் 1,024 கதைகள். எந்த நிறுவனத்தாலும் 1,024 கதைகளை எழுதிப் படமாக்க முடியாது. ஆதலால் பிரிந்த கிளைகளை எங்காவது மீண்டும் ஒன்றாகக் கட்டுகிறார்கள். கட்டும் இடத்தில் முடிச்சுத் தெரிந்துவிடுகிறது.

2011-இல் வந்த 'டிராகன் ஏஜ் 2' விளையாட்டின் இறுதியில், மந்திரவாதிகள் பக்கமா, அவர்களை அடக்கும் வீரர்கள் பக்கமா என்று ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டும். மந்திரவாதிகள் பக்கம் நின்றால் அவர்களின் தலைவர் ஓர்சினோ நமக்கு நண்பர். ஆயினும் போரின் நடுவே அவர் நம்பிக்கையிழந்து, தீய மந்திரத்தால் கொடிய பிண்டமாக மாறி, தன்னைக் காக்க வந்த நம்மையே தாக்குகிறார்! எந்தப் பக்கம் நின்றாலும் அவரோடு போரிட்டே தீர வேண்டும். ஆட்டக்காரர் எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு?

கையிலிருந்தும் பயன்படுத்தாத துணை

என் நாடகத்துக்கு மிக நெருங்கிய உறவினனாக எனக்குத் தோன்றியது, 2008-இல் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'ஃபால்அவுட் 3'. அணுப்போரால் அழிந்த வாஷிங்டன் நகரம் அதன் களம். குடிநீரைத் தூய்மையாக்கும் பெரும் எந்திரம் ஒன்றை இயக்குவதே தலைவனின் தந்தையுடைய வாழ்நாள் கனவு. அவர் அந்த எந்திர அறையிலேயே கதிர்வீச்சில் உயிர்விடுகிறார். இறுதியில் அதே அறைக்குள் ஒருவர் சென்று எந்திரத்தை இயக்க வேண்டும். போகிறவர் கதிர்வீச்சால் இறந்துவிடுவார். மகன் தந்தையின் வழியில் உயிரைத் தருவான் என்பது உருக்கமான முடிவு.

ஆனால் அந்த நேரத்தில் ஆட்டக்காரரின் அருகில் ஃபாக்ஸ் என்ற துணைவன் நிற்கக்கூடும். அவன் உடலைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. சற்று முன்புதான் வேறொரு கதிர்வீச்சு அறைக்குள் அவனே நடந்து போய், நமக்குத் தேவையான கருவியை எடுத்து வந்து தந்தான்! 'இப்போதும் நீயே போகலாமே' என்று கேட்டால், இது உன் விதி, நான் குறுக்கே வரமாட்டேன் என்ற பொருளில் மறுத்துவிடுகிறான். நண்பனின் உயிரைக் காட்டிலும் நண்பனின் விதியில் அவனுக்கு அக்கறை அதிகம் போலும்.

ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 2009-இல் அந்நிறுவனம் 'புரோக்கன் ஸ்டீல்' என்ற துணைப்பகுதியை வெளியிட்டு, அந்தத் துணைவனை உள்ளே அனுப்பலாம் என்று திருத்தியது. கதையும் அதோடு முடியாமல் தொடர்ந்தது. இதிலும் ஒரு வேடிக்கை. துணைவனை அனுப்பினால், முடிவுரை கூறும் குரல், தந்தையின் தியாக வழியில் செல்லாதவன் என்று நம்மைக் குறை சொல்கிறது. அறிவோடு நடந்தவனுக்குக் கிடைத்த பரிசு வசைமொழி!

திருத்தம் செய்த படைப்பாளிகள் வேறு சிலரும் உண்டு. 2012-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவில், சற்று முன் நம்மோடு லண்டன் போர்க்களத்தில் நின்ற தோழர்கள், எப்படி என்று தெரியாமலே தப்பியோடும் கப்பலில் தோன்றினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டில் விரிவாக்கிய முடிவொன்றை நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. கப்பல் போர்க்களத்துக்கு வந்து தோழர்களை ஏற்றிச் செல்லும் காட்சி அதில் சேர்க்கப்பட்டது. அச்சேறிய நாவலுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

எந்த ஓட்டையை மன்னிக்கிறோம்?

இத்தனையும் பார்த்த பின் ஒரு கேள்வி எழுகிறது. ஏரித் இறந்தபோது ஆட்டக்காரர்கள் அழுதார்கள். இறகைப் பற்றிய கேள்வி பின்னரே எழுந்து கேலியாக மாறியது. 'ஃபால்அவுட் 3' முடிவில் மட்டும் அழ வேண்டியவர்கள் அந்தக் கணத்திலேயே எரிச்சலுற்றார்கள். இரண்டும் ஓட்டைதானே? வேறுபாடு எங்கே?

என் தாழ்மையான கருத்து இது. ஏரித் இறக்கும் காட்சியில் ஆட்டக்காரரின் கை கட்டப்பட்டிருக்கிறது, படம் ஓடுகிறது, வாள் இறங்குகிறது, யோசிக்க நேரமில்லை. மேலும் அந்த இறகு சண்டைக்குரிய பொருளாகவே பழகியது. ஓட்டை இருந்தாலும் அது துயரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. 'ஃபால்அவுட்' முடிவிலோ, தீர்வு கண்ணெதிரே நிற்கிறது; நாமே அதனிடம் பேசுகிறோம்; அது மறுக்கிறது. ஓட்டை துயரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நிற்கும் இடத்திலேயே பலகை உடைந்தால் யார்தான் விழ மாட்டார்கள்?

என் நாடகத்திலும் நடந்தது இதுவே. தந்தையின் மரணச் செய்தி பிந்தி வருவதுதான் துயரம். அந்தத் துயரத்துக்கு நேர் கீழே கைப்பேசியை வைத்தவன் நான். பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்த மாணவர் நாடகத்தைக் கெடுக்கவில்லை. கவனமாகப் பார்த்தவர் அவர்; முதற்காட்சியை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றவை மூன்று. ஒன்று, சிரிப்புக்காகவோ அழகுக்காகவோ மேடைக்குக் கொண்டு வரும் எந்தப் பொருளும் கடைசிக் காட்சி வரை அங்கேயே இருக்கிறது. நாம் மறந்தாலும் பார்ப்பவர் மறப்பதில்லை. இரண்டு, பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வியை மறைப்பதைவிடக் கதாபாத்திரத்தின் வாயாலேயே கேட்டுவிடுவது நல்லது. கலூஃபின் நண்பர்கள் செய்தது அதுதான். மூன்று, உண்மையில் நடந்த கதைக்கு அதற்கென்று ஒரு காலமும் இடமும் உண்டு; அவற்றை மாற்றினால் அதனோடு பிணைந்த காரணங்கள் எல்லாம் அறுந்துபோகும். 1991-இல் செய்தி பிந்தியதற்குக் காரணம் தந்தியும் மாறிய முகவரியும். இந்தியாவில் தந்திச் சேவையே 2013-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு, துயரத்தை மட்டும் இன்றைக்குத் தூக்கி வந்தால் அது எப்படி நிற்கும்?

இவ்வாண்டு விழாவுக்காக அந்த நாடகத்தை மீண்டும் எழுதியிருக்கிறேன். காலம் 1991. இடம் பம்பாய். கைப்பேசி நகைச்சுவை நீக்கப்பட்டது. அறை மாறிய மகன் புது முகவரியை ஊருக்கு எழுதக் கடிதத்தாள் எடுத்து வைத்து, 'நாளை எழுதலாம்' என்று படுத்துவிடும் காட்சி புதிதாகச் சேர்ந்தது. அது என் கற்பனை அல்ல. அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டபோது அவரே சொன்னது. இத்தனை ஆண்டுகளில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு அந்தச் சிரிப்பு எழாமல் இருந்திருந்தால், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

எழுதி முடித்ததும் கையெழுத்துப் படியை முதலில் கொடுத்தது, அன்று பின்வரிசையில் குரல் கொடுத்த நண்பரிடம்தான். அவர் இப்போது இரண்டாமாண்டில் படிக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். மூன்று இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். இரண்டைத் திருத்திவிட்டேன். மூன்றாவதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.